நீர்மேல் எழுத்து: கீட்ஸுக்கு ஒரு வெண்பா, கையச்சில்

வீட்டுக் கொடியில் 43 தாள்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் 19 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரம். நடுவில் கறுப்பு மையில் ஒரு வெண்பா, அதன் கீழே 1795 – 1821. வெண்பாவுக்கு மேலே வெற்றிடம் போல இருக்கும் பகுதியில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் ‘ஜான் கீட்ஸ்’ என்ற ஆங்கிலக் கவிஞரின் பெயர் எழுந்து வருகிறது. அங்கே மை கிடையாது. எழுத்து அழுந்திய பள்ளம் மட்டும்தான். இதற்கு ஏழு மாதம் ஆனது. வெட்டிய 88 தாள்களில் 45 பாழாயின. எங்கெங்கே தவறினேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நான் மருந்தாளுநர். கீட்ஸும் மருந்து கற்றவர் என்பதுதான் கல்லூரி நாளில் என்னை அவரிடம் இழுத்தது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர்களுக்கு உதவியாக நின்று கட்டுப் போட்டவர். 1816 ஜூலையில் மருந்தாளுநர் உரிமம் பெற்றவர். அதன் பிறகு கவிதைக்காக அந்தத் தொழிலை விட்டார். 1818இல் பிளாக்வுட்ஸ் இதழில் ‘இஸட்’ என்று ஒளிந்துகொண்டு எழுதிய விமர்சகர், ‘கடைக்கே திரும்பிப் போ, பிளாஸ்திரிக்கும் மாத்திரைக்கும் களிம்பு டப்பாவுக்கும் போ’ என்று அவரை ஏளனம் செய்தார். களிம்பு டப்பாக்களுக்கு நடுவில் 20 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த வரி இன்றும் ஆறவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. என் கவுன்டரில் காசநோய் மாத்திரை கொடுக்கிறேன். 24, 25 வயதுப் பையன்கள் இருமிக்கொண்டு வருகிறார்கள். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டுவிட்டுக் கன்னம் நிரம்பித் திரும்பி வருகிறார்கள். கீட்ஸின் தாயை இந்த நோய் கொண்டுபோனது. தம்பி டாமை 1818 டிசம்பரில் கொண்டுபோனது. 1820 பிப்ரவரியில் படுக்கை விரிப்பில் விழுந்த ரத்தத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்ததும், அதன் நிறம் தனக்குத் தெரியும், அது தன் மரண ஆணை என்றார் கீட்ஸ். படித்த படிப்பு அப்படிச் சொல்ல வைத்தது. ஓராண்டு கழித்து, 1821 பிப்ரவரி 23 இரவு, ரோம் நகரில் ஸ்பானியப் படிக்கட்டு ஓரத்து வீட்டில், நண்பர் செவர்னின் கைகளில் இறந்தார். வயது 25. என் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். அவருக்கு என் மொழியில் ஒரு பா எழுதி, அதை என் கையாலேயே அச்சிட வேண்டும் என்பது அப்படித்தான் தோன்றியது.

முதல் தவறு பாவகையில். ஜூலைக் கடைசியில் எண்சீர் விருத்தத்தில் தொடங்கினேன். விருத்தம் எனக்குச் சரளமாக வரும். மூன்று வாரத்தில் 12 பாடல்கள் முடிந்துவிட்டன. ஒரு ஞாயிறு மாலை மாடியில் நின்று உரக்கப் படித்தேன். ஐந்தாவது பாடலிலேயே மனம் விலகிவிட்டது. பாதிப் பாடல்கள் விமர்சகர்களைத் திட்டின. மீதி, அவர் பாடிய குயிலையும் (நைட்டிங்கேல்) கலயத்தையும் இலையுதிர் காலத்தையும் வரிசையாகக் கூப்பிட்டு நிறுத்தி அவர் புகழைச் சொல்ல வைத்தன. மேடையில் மைக் பிடித்ததுபோல் இருந்தது. வேண்டியவர் இறந்த வீட்டில் பேசுவது போல் இல்லை.

எங்கே பிசகியது என்பது அவருடைய கல்லறையை நினைத்தபோது விளங்கியது. கீட்ஸ் கேட்டது ஒரே ஒரு வரி. பெயர் வேண்டாம், தேதி வேண்டாம், ‘நீரில் எழுதப்பட்ட பெயரை உடையவன் இங்கே கிடக்கிறான்’ என்று மட்டும் போடச் சொன்னார். செவர்னுக்கும் இன்னொரு நண்பர் பிரவுனுக்கும் மனம் கேட்கவில்லை. பகைவர்களின் கொடுமையால் நெஞ்சு கசந்து இறந்த இளம் ஆங்கிலக் கவிஞன் என்று அந்த வரிக்கு மேலே சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததற்காக இருவருமே பின்னாளில் வருந்தினார்கள். கவிஞர் ஷெல்லியும் விமர்சனம்தான் கொன்றது என்று நம்பி, 55 பத்திகளில் ‘அடோனைஸ்’ என்ற இரங்கற்பாவை எழுதி, கீட்ஸ் இறந்த அதே ஆண்டில் பீசா நகரில் அச்சிட்டார். அது பெரிய கவிதை. ஷெல்லிக்கு அந்தத் தோள் உண்டு. எனக்கு இல்லை. அன்பு மிகுந்தால் கை கூடுதலாக எழுதுகிறது. 12 விருத்தங்களையும் நோட்டோடு பரணில் வைத்துவிட்டேன்.

(எங்கள் ஊருக்குப் பக்கத்து எட்டயபுரத்தில்தான் பாரதி ஷெல்லிமேல் கொண்ட பிரியத்தில் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அந்த மண்ணில் உட்கார்ந்து கீட்ஸுக்குப் பா எழுதுவது ஒன்றும் புதுப் பைத்தியம் இல்லை என்று அவ்வப்போது தைரியம் சொல்லிக்கொண்டேன்.)

அடுத்து வெண்பா. அதைத் தேர்ந்ததற்குக் காரணம் ஔவையார். ‘கல்மேல் எழுத்து’, ‘நீர்மேல் எழுத்து’ என்று மூதுரையில் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். நல்லவருக்குச் செய்தது கல்மேல் நிற்கும். ஈரமில்லாதவருக்குச் செய்தது நீர்மேல் அழியும். கீட்ஸ் விஷயத்தில் இந்த இரண்டும் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன: தன் பெயர் நீர்மேல் எழுத்து என்ற சொல்லே கல்மேல் எழுத்தாக நிற்கிறது. இதைத் தமிழில் சொல்ல வெண்பாவைவிடப் பொருத்தமான பா இல்லை என்று பட்டது. ஈற்றடி மூன்று சீரோடு நின்றுவிடுவதும் பிடித்தது. கீட்ஸின் குயில் கவிதையிலும் ஒவ்வொரு பத்தியின் எட்டாவது வரி மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும். படிக்கும்போது அந்த இடத்தில் மூச்சு தட்டும்.

நான்கு வெண்பாக்கள் எழுதினேன்: குயில், இலையுதிர் காலம், நேப்பிள்ஸுக்குப் போன கப்பல், கல். முதல் இரண்டும் அவர் சொன்னதையே மெலிந்த குரலில் திரும்பச் சொல்லின. கப்பல் வெண்பாவில் செய்தி இருந்தது, பா இல்லை. கல் மட்டும் நின்றது.

அதிலும் இரண்டு இடத்தில் தளை, அதாவது சீரும் சீரும் இணையும் கட்டு, தட்டியது. முதல் அடியை ‘கல்லில் பேர்வேண்டா’ என்று தொடங்கியிருந்தேன். ‘கல்லில்’ தேமா, மாச்சீர். மாவுக்குப் பின் நிரையசை வர வேண்டும்; ‘பேர்’ நேரசை. வாயில் சொல்லும்போது இடறியதே தவிர ஏன் என்று இரண்டு நாள் தெரியவில்லை. அலகிட்டுப் பார்த்த பிறகு, ‘பேர்’ என்பதை ‘பெயர்’ என்று மாற்றியதும் அடி ஓடத் தொடங்கியது. அவர் வேண்டாம் என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கலே இருந்திருக்கிறது. இரண்டாம் அடியில் ‘சொல்லிய வார்த்தையை’ என்பதும் அப்படியே. ‘வார்த்தையை’ விளச்சீர்; அதற்குப் பின் ‘சுமந்த’ என்று நிரை வந்து உதைத்தது. ‘சொல்லிய சொல்லை’ என்றதும் தளையும் சரியானது, மோனையும் கூடியது. அக்டோபர் நடுவில் இந்த வடிவம் கிடைத்தது:

கல்லில் பெயர்வேண்டாக் காளை கடைநாளில்
சொல்லிய சொல்லைச் சுமந்தகல்லே – புல்லின்மேல்
யார்யாரோ வந்தழுவார் யாண்டிருநூ றாகியும்
நீர்மேல் எழுத்தும் நிலை.

இதற்கு மேல் கை வைக்கவில்லை.

இனி அச்சு. கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அச்சகத்தில் பழைய ட்ரெடில் இயந்திரம் இன்னும் ஓடுகிறது. காலால் மிதித்து, தாளைக் கையால் ஊட்ட வேண்டும். உள்ளே 10க்கு 15 அங்குலம் அச்சாகும். உரிமையாளருக்கு 70 வயதுக்கு மேல். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரத்தை எனக்கு விட ஒப்புக்கொண்டார். “அச்சு கோப்பதை நீயே கோர்த்துக்கொள் தம்பி. என் கண்ணுக்கு இப்போது 12 பாயின்ட் பிடிபடாது” என்றார்.

ஸ்டிக்கை, அதாவது எழுத்துகளைக் கோர்க்கும் கைத்தட்டை, 24 எம் அளவுக்கு வைத்தேன். ஆறு எம் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஆக அடியின் நீளம் நான்கு அங்குலம். எழுத்துகளைத் தலைகீழாக, இடமிருந்து வலமாகக் கோர்க்க வேண்டும். நான்கு அடிகளைக் கோர்க்க முதல் நாள் எனக்கு மூன்றரை மணி நேரம் பிடித்தது. அண்ணாச்சி தன் காலத்தில் இதைப் பத்து நிமிடத்தில் முடித்திருப்பார். முதல் புரூஃபில் ‘வெண்டாக்’ என்று வந்தது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஈயத்தில் கண்ணாடிப் பிம்பமாகப் பார்க்கும்போது ஒன்று போலவே இருக்கின்றன. நகத்தால் தடவி வேறுபாடு அறியப் பழகிக்கொண்டேன்.

இன்னொன்று, அண்ணாச்சியின் கேஸ் (எழுத்துப் பெட்டி) 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது. லை, ளை ஆகியவை துதிக்கை தூக்கிய பழைய வடிவில்தான் இருக்கின்றன. றா சுழித்துக்கொண்டு ஒரே அச்சாக இருக்கிறது. என் வெண்பாவில் ‘காளை’, ‘சொல்லை’, ‘நிலை’, ‘றாகியும்’ என நான்கு இடங்கள் அப்படி. இன்றைய பிள்ளைகளுக்கு இடறுமோ என்று தயங்கினேன். ஆனால் பாவின் கடைசி எழுத்து ‘லை’. அது துதிக்கையைத் தூக்கிக்கொண்டு அடியின் முடிவில் நிற்பதைப் புரூஃபில் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. ‘ல்’ மட்டும் ஒன்பது வேண்டும். கேஸில் அதைவிட நிறையவே கிடந்தன. ஆனால் தேய்மானம் ஒவ்வொன்றிலும் வேறு. தேய்ந்த எழுத்து தாளில் வெளிறி விழும். புரூஃப் எடுத்து, வெளிறியதைப் பிடுங்கி, வேறு வைத்து, மறுபடி புரூஃப். ஒன்பதும் ஒரே கறுப்பாக வர ஐந்து சுற்று ஆனது.

தேதிக்கு ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. கல்லறைக் கல்லில் 1821 பிப்ரவரி 24 என்று இருக்கிறது. அவர் இறந்தது 23 இரவு. நாளே வேண்டாம், ஆண்டு போதும் என்று விட்டேன்.

பெயர்தான் இந்த வேலையின் உயிர். நீரில் எழுதிய பெயரை மையில் அடிக்க மனம் வரவில்லை. 36 பாயின்ட் எழுத்தில் கோர்த்து, மை இல்லாமல் அழுத்தம் மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தேன். “மை இல்லாவிட்டால் அதற்கு அச்சு என்று பெயரா?” என்று கேட்டாலும் அண்ணாச்சி தடுக்கவில்லை. காகிதம் புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம், பருத்தி, 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம்). 56க்கு 76 செ.மீ. முழுத்தாளை எட்டாக வெட்டினேன்.

டிசம்பரில் முதல் முயற்சி. முதல் நான்கு தாள்களில் பெயர் சாம்பல் நிறத்தில் அழுக்காக விழுந்தது. பல ஆண்டுகளின் மை எழுத்தின் இடுக்குகளில் ஒளிந்திருந்தது. மண்ணெண்ணெயில் மூன்று முறை பிரஷ் போட்டுக் கழுவி, ரோலர்களையும் கழற்றி வைத்தோம். அடுத்த தாள் சுத்தமாக வந்தது. ஆனால் பெயர் தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தால் ‘கீ’யின் வளைவு மட்டும் நிழல் போலத் தெரிந்தது.

அழுத்தம் போதவில்லை என்று எண்ணித் தாளுக்குப் பின்னால் பேக்கிங்கை ஒன்று, இரண்டு, மூன்று எனக் கூட்டினேன். மூன்றாவதில் இயந்திரம் முனகியது. திறந்து பார்த்தால் ‘ஸ்’ஸின் புள்ளி நசுங்கிவிட்டது. 36 பாயின்ட்டில் அவரிடம் இருந்தவை இரண்டே ‘ஸ்’. ஒன்றை நான் கொன்றுவிட்டேன். வார்ப்பவர்கள் யாரும் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் இப்போது இல்லை. அண்ணாச்சி அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அழுத்தத்தில் இல்லை தம்பி. தாள் முறுக்காக இருக்கிறது. நனைத்துப் போடு” என்றார். அந்த நாளில் கெட்டித் தாளில் படம் அடிக்கும்போது முந்தின இரவே ஈரத்துணியில் சுற்றி வைப்பார்களாம்.

ஜனவரியில் நனைத்தேன். ஸ்பிரே பாட்டிலால் இரு பக்கமும் தெளித்து உடனே போட்டது அடுத்த தவறு. தாள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. மேல்பக்கம் சேறுபோல் இளகியிருந்தது, உள்ளே ஈரம் போகவே இல்லை. 16 தாள்கள் போயின.

அதன்பின் என் தொழில் வழியில் இறங்கினேன். மருந்து நிறுக்கும் சிறு மின்னணுத் தராசை எடுத்துக்கொண்டேன். உலர்ந்த தாள் ஒன்றின் எடை 11.7 கிராம். ஸ்பிரே அடித்து ஒட்டிக்கொண்ட தாள்கள் 16 கிராமுக்கு மேல் இருந்தன. ஆகவே தெளிப்பதை விட்டு, மூன்றில் ஒரு தாளைத் தண்ணீரில் முக்கி வடியவிட்டு, உலர்ந்த இரண்டுக்கு நடுவில் வைத்து அடுக்கினேன். அடுக்கைப் பாலிதீனில் சுற்றி, மேலே பலகை, அதன்மேல் அம்மிக்குழவி. ஓர் இரவு முழுக்க ஈரம் தாள் விட்டுத் தாள் பரவிச் சமமானது. காலையில் நிறுத்தால் 14 கிராமுக்குச் சற்று மேலே. தாளுக்கு இரண்டரை கிராம் தண்ணீர், அரைத் தேக்கரண்டி. தொட்டால் ஈரம் தெரியாது. கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும்.

பேக்கிங்கை பழைய அளவுக்கே குறைத்துவிட்டு மிதித்தேன். தாளை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தேன். ஜா, ன், கீ, ட், ஸ் – ஐந்து எழுத்தும் கரை கூர்மையாக, பள்ளத்தின் அடியில் காகிதம் பளபளத்துக்கொண்டு கிடந்தன. அந்தப் பெயர் தாளில் இறங்கியது தண்ணீரால்தான். அதை நான் திட்டமிடவில்லை. சிறிது நேரம் இயந்திரத்தை மிதிக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே இன்னொரு தவறும் நடந்தது. ஈரத் தாள் சுருளக் கூடாது என்று 12 தாள்களை அடுக்கி மேலே அதே குழவியை ஏற்றினேன். மறுநாள் பிரித்தால் பெயர் பாதி மட்டமாகிவிட்டது. பிறகு வந்தவற்றைத் துணி கிளிப்பில் கொடியில் தொங்கவிட்டேன். ஓரம் கொஞ்சம் அலையலையாக வருகிறது, பெயர் நிற்கிறது. கைக்காகிதத்துக்கு அந்த அலை அழகாகவே இருக்கிறது என்பது என் கட்சி.

பெயரைப் பதித்து உலர்த்திய தாள்களில் வெண்பாவை மையில் அடித்தது பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை. அது அவர் நாள் என்பதற்காகவே காத்திருந்தேன். அந்த வேலையில் சிக்கல் ஏதும் வரவில்லை. உலர்ந்தபின் தாள் சுருங்கியதால் பெயருக்கும் முதல் அடிக்கும் இடையே உள்ள இடைவெளி தாளுக்குத் தாள் ஒரு மில்லிமீட்டர் வேறுபடுகிறது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

செலவு: முழுத்தாள் 11, ஒன்று 110 ரூபாய் வீதம் 1,210. அச்சகத்துக்கு 1,500, அதற்குமேல் வாங்க மறுத்துவிட்டார், உடைந்த ‘ஸ்’ஸுக்கும் சேர்த்து அதுதான் என்றார். மண்ணெண்ணெய், துணி, பிரஷ் 140. பஸ், டீ 200. மொத்தம் 3,050. நல்ல பிரதி ஒன்றுக்கு 71 ரூபாய் விழுகிறது.

அடுத்த முறை காகிதத்தை நனைப்பதிலிருந்துதான் தொடங்குவேன். எழுத்தை உடைத்த பிறகு அல்ல. சோதனைக்குக் கைக்காகிதத்தை வீணாக்காமல் அதே கனமுள்ள மலிவுத் தாளில் பார்ப்பேன். பெயரை இரண்டு எம் மேலே ஏற்றுவேன். இப்போது வெண்பாவின் தலையில் கொஞ்சம் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. விருத்தம் எழுதுவதில் செலவழித்த மூன்று வாரத்தை மட்டும் மிச்சப்படுத்த மாட்டேன். அந்தக் கோபம் முழுவதும் நோட்டில் இறங்கியிராவிட்டால் வெண்பாவில் ஏறியிருக்கும்.

அச்சிட்டவர் பெயரையோ எழுதியவர் பெயரையோ தாளில் போடவில்லை.

முதல் பிரதியை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடவில்லை. வெண்பாவையும் பார்க்கவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கம் புடைத்திருந்த பெயரைக் கட்டைவிரலால் வலமிருந்து இடமாக மெதுவாகத் தடவினார். ‘ஸ்’ஸில் விரல் நின்றது.

“புள்ளி நன்றாக விழுந்திருக்கிறது. ‘கீ’ மட்டும் ஒரு நூல் ஆழம் கூடிவிட்டது தம்பி” என்றார்.